கொழும்பு வழக்குக்கு முல்லைத்தீவிலிருந்தே சாட்சி சொல்லலாமா?

கேள்வி: வணக்கம் சேர். நான் ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறேன். மகனைக் கனடாவுக்கு அனுப்புவதாகச் சொல்லி, கொழும்பில் உள்ள ஏஜென்சிக்காரன் ஒருவன் எங்களிடம் 35 இலட்சம் வாங்கி ஏமாற்றிவிட்டான். பாதிக் காசு பிரான்ஸில் இருக்கிற தம்பி அனுப்பியது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்து, இப்போது கொழும்பு நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு விளக்கத்துக்கு வந்திருக்கிறது. போன தவணைக்கு இரவு பஸ் ஏறிப் போய் விடியவே நீதிமன்ற வாசலில் நின்றேன். எதிரியின் சட்டத்தரணி வரவில்லை என்று வேறு தவணை போட்டு அனுப்பிவிட்டார்கள். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமையில் இரண்டு நாள் வவுனியா ஆஸ்பத்திரியில் டயலிசிஸ். அவரை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. இதற்குள் ஏஜென்சிக்காரனின் ஆட்கள் போன் எடுத்து, கொழும்புக்கு வந்தால் திரும்பிப் போகமாட்டாய் என்று வெருட்டுகிறார்கள். மறியலில் இருக்கிறவர்களைச் சூமில் எடுத்து வழக்கு நடத்துவதாக டிவி செய்தியில் பார்த்தேன். அதுபோல நானும் வீட்டிலிருந்து போனில் சாட்சி சொல்ல ஏலாதா? தம்பி வாட்ஸ்அப்பில் வந்து சொன்னால் போதுமா? எனக்குச் சிங்களமும் தெரியாது. அடுத்த தவணைக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது.

— பெயர் போட வேண்டாம், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: அன்புள்ள அக்கா,

முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இருந்துகொண்டு கொழும்பு நீதிமன்றத்துக்குத் திரை வழியாகச் சாட்சி சொல்ல எங்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் வீட்டு விறாந்தையில் இருந்து போனைப் பிடித்துக்கொண்டு சொல்ல முடியாது. நீதவானிடம் கேட்டு, அவர் அனுமதித்து, அவர் குறிப்பிடும் இடத்துக்குப் போய்த்தான் சொல்ல வேண்டும். தம்பியின் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. அதைப் பின்னால் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கிடைக்கும்வரை உங்கள் அழைப்பாணை செல்லுபடியாகத்தான் இருக்கும். சூம் கேட்டிருக்கிறேன்தானே என்று நினைத்து அடுத்த தவணைக்குப் போகாமல் இருந்துவிட்டால், முறைப்பாட்டாளரான உங்களுக்கே பிடியாணை வரலாம். அல்லது முறைப்பாட்டாளர் அக்கறை காட்டவில்லை என்று வழக்கு தளர்ந்துபோகலாம். உங்களுக்குப் போன் எடுத்து வெருட்டுகிறவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

சட்டத்தைப் பார்ப்போம். எங்கள் சாட்சிக் கட்டளைச் சட்டம் 1895 இல் எழுதப்பட்டது. கொழும்பிலிருந்து வடக்குக்கு ரயில் பாதை முழுதாகப் போட்டு முடிந்ததே 1905 இல்தான். சாட்சி என்றால் நீதிபதிக்கு முன்னால் வந்து நின்று வாயால் சொல்ல வேண்டும், எதிரியின் பக்கம் அவரைக் கேள்வி கேட்க வேண்டும், நீதிபதி அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பில் எழுதிய சட்டம் அது. அந்த நினைப்பில் பிழை இல்லை. ஆனால் பயத்தாலும் தூரத்தாலும் வர முடியாத சாட்சியை என்ன செய்வது என்பதற்கு அதில் வழி இருக்கவில்லை. அந்த வழி 2015 இல்தான் வந்தது. குற்றச்செயலால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் சட்டம் (2015 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கம்), சாட்சி வேறோர் இடத்தில் இருந்துகொண்டு, அதே நேரத்தில் படமும் குரலும் நீதிமன்றத்துக்குப் போகும் இணைப்பு வழியாகச் சாட்சியம் அளிக்க இடம் கொடுத்தது. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உங்கள் விண்ணப்பம் இந்தச் சட்டத்தின் கீழ்தான் போக வேண்டும்.

கொரோனா நேரத்தில் நீதிமன்றங்கள் சூமில் நடந்ததே, அதைச் சொல்லிக் கேட்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அது 2021 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம். நோய்த்தொற்றுக் காலத்துக்கென்று செய்தது. உங்கள் விண்ணப்பத்தை அதில் சாய்த்து வைக்காதீர்கள். யூடியூபில் வரும் தமிழ்நாட்டுச் சட்டத்தரணிகளின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, இப்போது எல்லாம் காணொளியில்தான் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது இந்தியச் சட்டம். அங்கே சரியாக இருப்பது இங்கே செல்லாது.

நீங்கள் டிவியில் பார்த்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 பெப்ரவரியில் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தின் உள்ளேயே, சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு, ஆபத்தானவர்கள் என்று கருதப்படும் சந்தேக நபர்களைச் சிறையில் வைத்தே திரையில் முன்னிலைப்படுத்துவது அதிகமாகிவிட்டது. ஆகவே கருவியும் இணைப்பும் அதை இயக்கத் தெரிந்த ஆட்களும் கொழும்பு நீதிமன்றங்களில் இருக்கிறார்கள். விளக்கமறியலை நீடிக்கத் திரை பயன்படுகிறது. நெடுங்கேணியிலோ துணுக்காயிலோ இருக்கிற ஏழைச் சாட்சிக்கு அதே திரை பயன்படுவது மிகக் குறைவு. இந்த ஏற்பாடு சாட்சிகளுக்காக 2015 இலேயே வந்தது. வன்னியில் இருக்கிற சாட்சிகளுக்கு இப்படி ஒன்றைக் கேட்கலாம் என்பதே தெரியாது. அவர்களிடம் சொல்லவும் ஒருவரும் இல்லை. இரவு பஸ்ஸில் போய், தவணை வாங்கிக்கொண்டு, மறுநாள் விடிய மாங்குளம் சந்தியில் வந்து இறங்குகிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதும் அதனால்தான்.

சரி, எப்படிக் கேட்பது? நீதவான் நீதிமன்றத்தில் உங்கள் வழக்கை நடத்துவது பொலிஸ். ஆகவே முதலில் உங்கள் முறைப்பாட்டை விசாரித்த பொலிஸ் உத்தியோகத்தருக்கு எழுத்தில் கொடுங்கள். அதோடு நின்றுவிடாமல், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் உங்கள் சார்பில் ஒரு சட்டத்தரணி எழுந்து நீதவானிடம் கேட்பதுதான் பலன் தரும். பொலிஸுக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ வழக்கு. உங்கள் கடிதம் கோப்புக்குள் கிடந்து, தவணையன்று காலையில்தான் வெளியே வரும். அன்று காலையில் கேட்டால் எந்த நீதவானும் அன்றே இணைப்புக் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் முடியாது. உங்களிடம் ஏழு கிழமை இருக்கிறது. அந்த நாளுக்காகக் காத்திராமல், முன்கூட்டியே மனுப் போட்டு வழக்கேட்டை அழைப்பித்து உத்தரவு கேட்கலாம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லை என்றால், முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். இங்கே இருக்கிற சட்டத்தரணி கொழும்புக்குப் போய் உங்களுக்காக நிற்பது கஷ்டம். ஆனால் அந்த ஆணைக்குழுவின் தலைமையகம் புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியில்தான் இருக்கிறது. இங்கிருந்து கோப்பை அங்கே அனுப்பிவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மனுவில் என்ன எழுதுவது என்பது முக்கியம். தூரம் என்று மட்டும் எழுதினால் காணாது. நாடு முழுவதும் சாட்சிகள் தூரத்திலிருந்துதான் வருகிறார்கள் என்று எதிர்ப் பக்கம் சொல்லும், அது நியாயமும்தான். உங்களிடம் அதைவிடப் பலமான இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, கணவரின் டயலிசிஸ். எந்தெந்த நாட்களில் செய்கிறார்கள், கூட ஒருவர் இருக்க வேண்டுமா என்பதை வைத்தியரிடம் கடிதமாக எடுங்கள். கிளினிக் கொப்பியின் பிரதியையும் சேருங்கள். வீட்டில் வேறு ஆளில்லை என்பதைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்தித் தரட்டும். இரண்டாவது, அந்த வெருட்டல்.

வெருட்டலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நீங்கள் அதைக் கடிதத்தில் ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். பொலிஸில் சொன்னதாக எழுதவில்லை. சாட்சியை மிரட்டுவது நான் மேலே சொன்ன 2023 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம், பிணை எளிதில் கிடைக்காத குற்றம். நாளைக்கே பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போய், அழைப்பு வந்த நாள், நேரம், இலக்கம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் சொல்லி முறைப்பாடு எழுதுவியுங்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்து வையுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்த அழைப்புகள் வந்த போனையும் மாற்ற வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கவென்றே ஒரு தேசிய அதிகாரசபையும் பொலிஸில் ஒரு தனிப் பிரிவும் இருக்கின்றன. முறைப்பாட்டின் பிரதியோடு அவர்களுக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். சாட்சிக்குப் பயம் இருக்கிறது என்பது வெறும் வாய்ப்பேச்சாக இல்லாமல் கடதாசியில் இருந்தால் நீதவானுக்கும் உத்தரவு போடச் சுலபம்.

எங்கே இருந்து சாட்சி சொல்வது என்பதையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். முல்லைத்தீவு நீதிமன்றத்தில் ஓர் அறை, அது சரிவராவிட்டால் வவுனியா நீதிமன்றத் தொகுதியில் ஓர் அறை என்று கேட்பதுதான் என் யோசனை. டயலிசிஸ் இல்லாத நாளாக இருக்கட்டும் என்றும் எழுதுங்கள். வீட்டிலிருந்து ஏன் ஆகாது என்றால், நீங்கள் சாட்சி சொல்லும்போது உங்கள் பக்கத்தில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் கத்தியைக் காட்டி நிற்கவும் இல்லை என்பதை நீதிமன்றம் நிச்சயப்படுத்த வேண்டும். அதற்காக அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் அந்த அறையில் இருப்பார். இதில் எதிரியின் உரிமையும் இருக்கிறது. உங்களை ஏமாற்றியவன் என்று நாங்கள் நினைக்கலாம். குற்றம் நிரூபிக்கப்படும்வரை அவனுக்கும் சாட்சியைப் பார்க்க, கேட்க, குறுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. அந்த உரிமை குறைபடாமல் நடந்தால்தான் நாளைக்கு மேன்முறையீட்டில் உங்கள் சாட்சியம் நிலைத்து நிற்கும்.

அனுமதி கிடைத்துவிட்டது என்று வைப்போம். அந்த அறை எப்படி இருக்கும் என்பதை முன்பே அறிந்திருந்தால் உங்களுக்குப் பயம் பாதி குறையும்.

ஒரு மேசை, கதிரை, எதிரே ஒரு திரை, அதன் மேலே கமரா. திரையில் நீதவானும், சட்டத்தரணிகளும், கூண்டில் நிற்கும் எதிரியும் சிறிய உருவங்களாகத் தெரிவார்கள். தொடக்கத்தில் நீதவான் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லலாம். உத்தியோகத்தர் கமராவைக் கதவு, ஜன்னல், மேசைக்குக் கீழே என்று திருப்பிக் காட்டுவார். உங்களைச் சந்தேகப்படுவதாக நினைத்து மனம் நோக வேண்டாம். போனை உத்தியோகத்தரிடம் கொடுத்துவிடுங்கள். கையில் துண்டுக் கடதாசி எதுவும் வேண்டாம், திகதிகளை எழுதி வைத்திருந்தாலும் வேண்டாம். இரண்டு கையையும் மேசை மேல் தெரியும்படி வையுங்கள். மகனைக் கூட்டிக்கொண்டு போனால் அவர் வெளியே வாங்கில் இருக்கட்டும். நீங்கள் ஒரு தடவை பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாலே, யாரைப் பார்க்கிறீர்கள் என்று எதிர்ப் பக்கச் சட்டத்தரணி கேட்பார்.

நீங்கள் சைவம் என்றால் உறுதியுரை, கிறிஸ்தவர் என்றால் சத்தியப்பிரமாணம். அங்கே சொல்வது சாட்சிக் கூண்டில் நின்று சொன்னதற்குச் சமம். பொய் சொன்னால் அதே குற்றம்.

அப்புறம் கேள்வி வரும். கொழும்பில் வழக்குச் சிங்களத்தில் நடப்பதால், சட்டத்தரணி சிங்களத்தில் கேட்பார், முதலியார் (நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்) தமிழில் சொல்வார், நீங்கள் தமிழில் பதில் சொல்ல அவர் சிங்களத்தில் நீதவானுக்குச் சொல்வார். நேரில் நின்றால் முதலியார் உங்களுக்குப் பக்கத்தில் நிற்பார், உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ளலாம். திரையில் குரல் ஒரு கணம் பிந்தி வரும். நீங்கள் பதிலைத் தொடங்க அவர் இன்னும் கேள்வியை முடிக்காமல் இருப்பார். இரண்டு குரலும் மோதிக்கொள்ளும், நடுவில் ஒரு பகுதி யாருக்கும் கேட்காமல் போகும். இதுதான் இந்த முறையில் உண்மையான ஆபத்து என்று நான் நினைக்கிறேன், கமராவோ பயமோ அல்ல. அதனால் கேள்வி முடிந்த பிறகு ஒரு மூச்சு விட்டுப் பதில் சொல்லுங்கள். நீளமான கதையாக வேண்டாம். ஒரு வசனம் சொல்லி, முதலியார் அதைச் சொல்லி முடித்த பிறகு அடுத்த வசனம். தலையை ஆட்டினால் அது எழுத்தில் ஏறாது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை ஐயா, திரும்பக் கேளுங்கள் என்று எத்தனை தடவையும் சொல்லலாம். எங்கள் சனத்துக்கு இது வராது. பெரிய இடத்தில் இருப்பவரைத் திரும்பச் சொல்லச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்து, பாதி கேட்ட கேள்விக்கு ஊகித்துப் பதில் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்ன ஒரு பதில் போதும், பொலிஸில் ஒன்று சொன்னீர்கள், இங்கே வேறொன்று சொல்கிறீர்கள் என்று பிடிப்பதற்கு. இணைப்பு அறுந்துபோனால் உத்தியோகத்தரிடம் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். மீண்டும் இணைந்ததும், கடைசியாகக் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கும்படி கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் கரண்டும் லைனும் எப்படி நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தவணை அந்த மாதங்களில் விழுந்தால், இணைப்புக் கிடைக்காவிட்டால் மாற்றுத் திகதி ஒன்று வேண்டும் என்று மனுவிலேயே கேட்டு வைப்பது புத்தி.

மொழியைப் பற்றி இன்னொன்று. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் நாடு முழுவதும் நீதிமன்ற மொழிகள் என்கிறது. நீதிமன்றம் நடக்கிற மொழி தெரியாத தரப்பினருக்கு அரசு மொழிபெயர்ப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. திரையில் சாட்சி என்று மனுப் போடும்போது, தமிழ் முதலியார் அன்றைக்கு இருக்க வேண்டும் என்பதையும் தனி வரியாக எழுதுங்கள். இணைப்பு, அறை, உத்தியோகத்தர் எல்லாம் தயாராக இருந்து, முதலியார் வேறு நீதிமன்றத்தில் வேலையாக இருப்பதால் வழக்கு ஒத்திப்போனால் அந்த வயிற்றெரிச்சலைச் சொல்ல முடியாது.

பத்திரங்கள். ஏஜென்சிக்காரன் கையால் எழுதித் தந்த பற்றுச்சீட்டு இருந்தால் அதுதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. அது வழக்கேட்டில் கொழும்பில் இருக்கும். அதைக் கமராவுக்கு முன்னால் பிடித்து, இது யாருடைய கையெழுத்து என்று கேட்பார்கள். திரையில் மங்கலாகத்தான் தெரியும். ஆகவே அந்தப் பத்திரங்களின் உறுதிப்படுத்திய பிரதிகளை நீங்கள் இருக்கும் அறையின் உத்தியோகத்தருக்கு முன்கூட்டியே அனுப்பிவைக்கும்படி உங்கள் சட்டத்தரணி கேட்க வேண்டும். அதேபோல எதிரியை அடையாளம் காட்டச் சொல்வார்கள். கூண்டில் நிற்பவரின் முகம் தெளிவாகத் தெரியும்வரை கமராவைக் கிட்டக் கொண்டுபோகச் சொல்லுங்கள். தெரியாமல் ஓம் என்று சொல்ல வேண்டாம்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, நீங்கள் நேரில் போவதா திரையில் சொல்வதா என்று என்னைக் கேட்டால்? பொதுவாக, ஒருவரின் வாய்ச்சொல்லையே நம்பி நிற்கும் வழக்கில் அவர் நேரில் நின்று சொல்வதற்குப் பலம் கூட. நீதவான் முழு மனிதரைப் பார்க்கிறார். வேறு ஒருவர் கேட்டிருந்தால் முடிந்தால் போய்விட்டு வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்கள் வழக்கில் பற்றுச்சீட்டோ வங்கிப் பதிவோ இருந்தால், உங்கள் வாய்ச்சொல் தனியாக நிற்காது. இரவெல்லாம் பஸ்ஸில் நித்திரையில்லாமல் வந்து, வெருட்டியவர்கள் நிற்கிற தாழ்வாரத்தில் தனியாகக் காத்திருந்து, வவுனியாவில் கணவர் என்ன செய்கிறாரோ என்ற நினைப்போடு சொல்லும் சாட்சியத்தைவிட, அமைதியான அறையில் இருந்து சொல்வது தெளிவாக இருக்கும். உங்களுக்குத் திரைதான் சரி.

நீதவான் மறுத்துவிட்டால்? மறுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அப்போது கைவசம் இரண்டாவது கோரிக்கை இருக்கட்டும்: அன்றைய வழக்குகளில் உங்கள் சாட்சியத்தை முதலில் எடுக்க வேண்டும், எதிரியின் சட்டத்தரணி வராவிட்டாலும் இனித் தவணை இல்லை என்று முன்கூட்டியே குறிப்பிட வேண்டும், பஸ் நிலையத்திலிருந்து நீதிமன்றம்வரை பாதுகாப்பு வேண்டும். வந்துபோகும் செலவுக்குச் சாட்சிப்படியும் பதிவாளரிடம் கேளுங்கள். அது பெரிய காசில்லை, ஆனாலும் உங்களுக்கு உரியது.

இனித் தம்பி. வாட்ஸ்அப்பில் வந்து சொல்வது சாட்சியம் ஆகாது. அந்த 2015 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2017 இல் செய்த திருத்தம், வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் போய் அங்கிருந்து திரை வழியாகச் சாட்சி சொல்ல இடம் கொடுத்தது. பிரான்ஸ் என்றால் பாரிஸில் உள்ள தூதரகம். நேரக் கணக்கையும் பாருங்கள். எங்களுக்குக் காலை ஒன்பதரை என்றால் பாரிஸில் குளிர்காலத்தில் காலை ஐந்து மணி, கோடையில் ஆறு. தூதரகம் திறக்கும்போது இங்கே மதியம் ஆகிவிடும். ஆகவே அவருடைய சாட்சியத்தைப் பின்னேரத்துக்கு வைக்கும்படி கேட்க வேண்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் தம்பியிடம் ஒன்றைக் கேளுங்கள்: அவர் அங்கே எந்த நிலையில் இருக்கிறார்? அகதி அந்தஸ்துக் கிடைத்தவரா, அல்லது வழக்கு இன்னும் நடக்கிறதா? இந்த நாட்டில் உயிருக்கு ஆபத்து என்று சொல்லித் தஞ்சம் கேட்டவர், இதே நாட்டின் தூதரகத்துக்குள் போய் இருந்தால், அங்குள்ள அதிகாரிகள் அதை அவருக்கு எதிராக எடுக்க இடமுண்டு. அங்குள்ள அவருடைய சட்டத்தரணியைக் கேட்காமல் அவர் தூதரகப் படியை மிதிக்க வேண்டாம். உங்கள் 35 இலட்சத்துக்காக அவருடைய இருப்பு ஆட்டம் காணக்கூடாது. வன்னியில் பாதி வீடுகளுக்குப் பொருந்தும் இந்த விஷயத்தைச் சட்டம் எழுதினவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நீதி அமைச்சு ஊடாக அந்த நாட்டு அரசிடம் உதவி கேட்டு, அங்குள்ள அதிகாரிகள் முன் சாட்சியம் எடுக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. 2002 ஆம் ஆண்டின் குற்றவியல் விடயங்களில் பரஸ்பர உதவிச் சட்டம் அதற்கானது. நீதவான் நீதிமன்றத்து மோசடி வழக்கு ஒன்றுக்காக அந்தச் சக்கரம் அசைய எத்தனை காலம் ஆகும் என்று நினைத்தால், அதை நம்பி இருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உண்மையில் தம்பியின் சாட்சியம் தேவையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவர் காசை எப்படி அனுப்பினார்? உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, நீங்கள் எடுத்து ஏஜென்சிக்காரனிடம் கொடுத்திருந்தால், கொடுத்ததைச் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள். காசு எங்கிருந்து வந்தது என்பதற்கு வங்கியின் பதிவு போதும். நேராக ஏஜென்சிக்காரனின் கணக்குக்கு அனுப்பியிருந்தால் இன்னும் நல்லது. வங்கிப் புத்தகங்களின் உறுதிப்படுத்திய பிரதிகளைச் சாட்சியாக ஏற்கச் சட்டத்தில் இடமுண்டு. பொலிஸ் நீதிமன்ற உத்தரவு எடுத்து அந்தக் கணக்கு விபரத்தைப் பெறலாம். வங்கி ஊடாக இல்லாமல் உண்டியலில் அனுப்பியிருந்தால்தான் சிக்கல், கடதாசி இருக்காது. அப்படி என்றால் அதை மறைக்க வேண்டாம். உங்கள் சட்டத்தரணியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் அது இழுத்துக்கொண்டு போகும்.

ஏஜென்சிக்காரனோடு நீங்களும் தம்பியும் வாட்ஸ்அப்பில் கதைத்தவை, அவன் அனுப்பிய குரல் பதிவுகள், விசா வந்துவிட்டது என்று அனுப்பிய படங்கள் எல்லாம் பெறுமதியானவை. ஆனால் போன் திரையைப் படம் பிடித்து அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியச் சட்டத்தின் கீழ் இப்படியானவற்றை முன்வைக்க, விளக்கத்துக்கு, அதாவது வழக்கு விசாரணைக்குக் குறித்த நாளுக்கு, 45 நாளுக்கு முன்பே எதிர்ப் பக்கத்துக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டமும் இருக்கிறது. எந்தச் சட்டத்தின் கீழ் போவது என்பதைச் சட்டத்தரணி முடிவெடுக்கட்டும். ஏழு கிழமை என்றால் 49 நாள். உங்கள் கடிதம் எனக்கு வந்து, இந்தப் பதில் உங்கள் கைக்குக் கிடைக்கும்போது அதிலும் சில நாள் போயிருக்கும். அறிவித்தல் ஏற்கனவே கொடுத்தாயிற்றா என்று பொலிஸிடம் உடனே கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால், சட்ட உதவி அலுவலகத்துக்கு இந்தக் கிழமையே போய்விடுங்கள்.

போகும்போது அழைப்பாணை, போன தவணை எழுதிய துண்டு, முறைப்பாட்டுப் பிரதி, பற்றுச்சீட்டின் பிரதி, கணவரின் கிளினிக் கொப்பி, அந்தப் போன் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். காசு அனுப்பிய வங்கிச் சீட்டுகளின் மூலப்பிரதி தம்பியிடம் இருந்தால், படம் பிடித்து அனுப்புவதோடு விடாமல், அவற்றைப் பதிவுத் தபாலில் இங்கே அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப முன் ஒரு பிரதி எடுத்து அவர் கையில் வைத்துக்கொள்ளட்டும்.